பார்க்காமல் அமுக்கிய பச்சைப் பட்டன்

பவிக்கு,

இதை நீ எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உன் கல்யாண மருதாணியே வெளுத்துவிடும் என்று உன் அம்மா சொல்கிறாள். பரவாயில்லை, மெதுவாகவே படி. நம் மயூர் விஹார் தமிழ் மன்றத்து ஆண்டு மலரில், கல்யாணமாகிப் போகிற பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் சொல்லும் புத்திமதிக்கென்று சில பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். செயலாளர் போன வாரம் பார்க்கில் என்னைப் பிடித்துக்கொண்டு, “சார், உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ ரகசிய வேலையெல்லாம் பண்ணுதாமே, அதை வச்சே எழுதுங்க” என்றார். நானும் வழக்கம்போல “அச்சா, எழுதிடறேன்” என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்த பிறகுதான், நீ செய்கிற வேலை என்னவென்று எனக்கே தெரியாது என்பது ஞாபகம் வந்தது. ஆனால் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அடுத்த மாதம் உனக்கும் அங்கித்துக்கும் கல்யாணம், அதற்கடுத்த மாதம் ஜெர்மனி. அதற்குள் உன்னிடம் சொல்ல வேண்டியதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஊரே படிக்கும்படி எழுதுவதுதான் சுலபமாக இருக்கிறது, இது என்ன கோளாறோ.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மலரைப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பி.யூ.சி.யில் கணக்கில் தவறியவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த ஃபிளாட்டுக்கு வந்தவன். டெஸ்பாட்ச் பிரிவுக்காரன் என்பதால் ரகசியம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும் என்ற ஒரு மிதப்பு எப்போதும் உண்டு. ரகசியக் கடிதத்தை ஒரு கவரில் போட்டு, அரக்கு வைத்து, ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தி, அதை இன்னொரு சாதாக் கவருக்குள் போட்டு அனுப்புவோம். ஆகையால் நீ உன் அறையில் மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் பார்த்திராத இரண்டு பேர் தங்களுக்குள் ரகசியமாகப் பேச ஒரு லைப்ரரி எழுதுகிறேன் என்று சொன்னபோது, “கவர் வாங்கியாச்சாம்மா?” என்று கேட்டேன். நீ சிரித்தாய். லைப்ரரி என்றால், மற்ற புரோகிராம்கள் எடுத்துத் தங்களுக்குள் பொருத்திக்கொள்ளும் ஓர் எழுத்து என்றாய். மோட்டாரை ஒருவர் செய்து கொடுக்க, அதை மிக்ஸியிலும் ஃபேனிலும் மற்றவர்கள் வைத்துக்கொள்வதைப் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை, இல்லை என்று சொல்லிவிடுவாய் என்ற பயம்.

அந்த ரகசியம் எப்படி உண்டாகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிய வைக்கப் பார்த்தாய். ஒரு கோடு இருக்கிறது. பெயர் எலிப்டிக் கர்வ், தமிழில் நீள்வட்டக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம். “அப்போ முட்டை மாதிரி இருக்குமா?” என்றேன். “இல்லப்பா, அது நீள்வட்டமே இல்ல.” “பின்ன ஏம்மா அந்தப் பேரு?” “அது பழைய கதைப்பா, விடுங்க.” பெயரிலேயே ஆள் மாறாட்டம் இருக்கிற ஒன்றை நம்பி மக்கள் எப்படி ரகசியம் பேசுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். அந்தக் கோட்டில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு பேரும் கிளம்ப வேண்டுமாம். ஆளுக்கு ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அத்தனை தடவை தாவி, எங்கே போய் நின்றேன் என்பதை மட்டும் ஊரறியச் சொல்ல வேண்டுமாம். பிறகு இவர் நின்ற இடத்திலிருந்து அவர் தன் எண்படி தாவ, அவர் நின்ற இடத்திலிருந்து இவர் தாவ, இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்களாம். அந்த இடம்தான் அவர்களுடைய ரகசியம். சுற்றி நின்று எல்லாவற்றையும் கேட்டவனுக்கு அது தெரியாதாம். “இது நம்ம மெட்ரோதானே? மயூர் விஹார்ல ஏறி, நான் இத்தனை ஸ்டேஷன், நீ இத்தனை ஸ்டேஷன்...” என்று ஆரம்பித்தேன். “மெட்ரோல எங்க இறங்கினீங்கன்னு தெரிஞ்சா எத்தன ஸ்டேஷன் போனீங்கன்னு எண்ணிடலாம்பா. இதுல எண்ணவே முடியாது, அதான் விஷயமே” என்றாய். முடியாது என்றால் எப்படி முடியாது என்று நான் கேட்க, நீ காகிதத்தில் ஏதோ வரைய, உன் அம்மா வந்து, “அவருக்கு ராஜீவ் சௌக்ல பிளாட்ஃபாரம் மாறவே தெரியாது, அவர்கிட்ட போய்” என்று சொல்லி இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு முறை நான் உன்னிடம் சபாஷ் வாங்கினேன். எந்த எண்ணாக இருந்தாலும் கணக்குப் போட ஒரே நேரம்தான் ஆக வேண்டும், கொஞ்சம் கூடக் குறைய ஆனால் அதை வைத்தே வெளியில் இருப்பவன் உள்ளே இருக்கும் எண்ணை ஊகித்துவிடுவான், அதைத்தான் இப்போது சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்றாய். அதற்கு நான், “எங்க ஆபீஸ்லயும் அப்படித்தாம்மா, ஃபைல் உள்ள போய் உடனே திரும்பி வந்தா லீவ் லெட்டர், மத்தியானம் வரைக்கும் வரலைன்னா யாருக்கோ டிரான்ஸ்ஃபர், கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிடுவோம்” என்றேன். நீ நாற்காலியிலிருந்து எழுந்து, “அதேதான்பா! எக்ஸாக்ட்லி!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நான் சொன்னதில் எது அதே என்பது இன்றைக்கு வரை விளங்கவில்லை.

இதையெல்லாம் நீ யாருக்காகச் செய்தாய் என்பதுதான் எனக்குப் புரிந்தது. யமுனைக்கு இந்தப் பக்கம், வீட்டில் அடி உதை தாங்காமல் ஓடிவந்த பெண்கள் தங்கியிருக்கும் ஒரு வீட்டுக்கு நீ சனிக்கிழமைகளில் போய்வந்தாய். இடத்தைச் சொல்ல மாட்டாய், நானும் கேட்டதில்லை. அங்கே இருந்த பெண்களுக்குப் பெற்ற தாயோடு பேச முடியவில்லை. பேசினால் அந்தத் தாயின் போனைப் புருஷன் வீட்டார் வாங்கிப் பார்க்கிறார்கள், நம்பரை வைத்துத் தேடுகிறார்கள். அவர்களில் ஒரு தமிழ்ப் பெண், கள்ளக்குறிச்சிப் பக்கம். வீட்டு வேலை செய்து பிழைத்தவள். செல்வி என்று நான் இங்கே பெயர் வைக்கிறேன், அவள் பெயர் அதில்லை. அவளுடைய புருஷனின் தம்பி ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவள் டெல்லியில் எங்கே இருக்கிறாள் என்பது தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து நிற்பான் அவள் புருஷன். உன் லைப்ரரியை வைத்து நீயும் அங்கித்தும் ஒரு சின்னப் பேசும் புரோகிராம் செய்து, அதைத்தான் அந்த வீட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும், நான் முதல் தடவையாக உன் அறைக் கதவைச் சத்தம் போடாமல் சாத்தினேன்.

கொடுப்பதற்கு முன்னால் என்னை வைத்துச் சோதித்தாய். அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. புரோகிராமில் எனக்கும் உனக்கும் இடையே அந்தத் தாவல் எல்லாம் நடந்து ரகசியம் உண்டாகும். ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்று லைப்ரரிக்குத் தெரியாது. வேறு எவனாவது உன் பெயரில் உட்கார்ந்திருந்தால் அவனோடும் அதே மரியாதையாக ரகசியம் உண்டாக்கிக்கொள்ளும். ஆகையால் இரண்டு போனிலும் ஒரு நீளமான எண் தெரியும், சாதா போனில் கூப்பிட்டு ஒருவர் குரலை ஒருவர் கேட்டபடி அதைப் படித்து ஒப்பிட வேண்டும், ஒத்துப்போனால் கீழே இருக்கும் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். இதை நீ எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாய். நீ கூப்பிட்டபோது நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. நீ எண்களை அஞ்சஞ்சாகப் படித்துக்கொண்டே போனாய். “சரியா இருக்காப்பா?” “ம்... சரியா இருக்கும்மா.” “அடுத்தது?” “அதுவும் சரி.” “எல்லாமே?” “எல்லாமே சரிம்மா, நீ செஞ்சது தப்பாவா இருக்கும்?” என்று சொல்லி, பட்டாணித் தோல் ஒட்டிய விரலால் பச்சைப் பட்டனை அமுக்கினேன். பிறகு உன் பெயரில் வந்த ஆளிடம் ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று கேட்டேன். ‘ஹான் அப்பா’ என்று பதில் வந்தது. ‘ஸ்வெட்டர் போட்டுக்கோ, எந்த வண்டியில் வருவ, எத்தனை மணிக்கு வருவ, கேட் சாவி செடித் தொட்டிக்குள்ள இருக்கு’ என்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிரில் இருந்தது அங்கித். நீதான் அவனை உன் பெயரில் உட்கார வைத்திருந்தாய். மாப்பிள்ளையை மகள் என்று நினைத்துக் கொஞ்சிய மாமனார் இந்த டெல்லியில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

நீ வீட்டுக்கு வந்ததும் சிரிப்பாய் என்று நினைத்தேன். அங்கித் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பைக் கழற்றுவது போல் குனிந்துகொண்டான். நீ சிரிக்கவில்லை. “அப்பா, ஸச், நிஜத்தைச் சொல்லுங்க. நீங்க பாத்தீங்களா?” என்றாய். “பாக்கல.” “பின்ன ஏன் சரின்னீங்க?” “நீ கேட்ட, அதான் சொன்னேன்.” நீ சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாய். “நீங்களே இப்படின்னா செல்வியோட அம்மா என்ன பண்ணுவாங்கப்பா? பொண்ணு குரலைக் கேட்டாலே எல்லாத்துக்கும் சரிம்பாங்க. நான் கணக்கு எல்லாம் சரியா போட்டு, கடைசியில ஒரு பட்டன்ல...” என்று நிறுத்திவிட்டாய். அடுத்த வாரம் கொடுப்பதாக இருந்ததைக் கொடுக்க மாட்டேன் என்றாய். உன் அம்மா சமையலறையிலிருந்து, “இவரு என்னையே பாக்காமத்தான் சரின்னாரு, போட்டோவ தலைகீழா வச்சிருந்தாங்களாம்” என்றாள். அதற்கும் நீ சிரிக்கவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு உனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுக்கத் தெரியாது, தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். டெல்லிக்கு வந்த புதிதில் எனக்கு ஹிந்தி ஒரு வார்த்தை வராது. கரோல் பாக்கில் மொட்டை மாடி அறை ஒன்றில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் எது சொன்னாலும் “அச்சா ஜி” என்பேன். அவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். ஒருநாள் ஏதோ நீளமாகச் சொன்னார், நானும் “அச்சா ஜி” என்றேன். சாயங்காலம் வந்து பார்த்தால் என் அறையில் அவருடைய மருமகன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். குளிர்காலம் முழுக்க என் ரஜாய்ப் போர்வையில் பாதி அவனுக்குப் போனது. அதற்குப் பிறகாவது திருந்தினேனா? உன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இங்கிலீஷில் உன்னைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, “பொண்ணுக்குக் கணக்குல ஏதோ பிரச்சினை போல இருக்கு, டீச்சர் ரொம்ப சொல்றாங்க” என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் உன்னைப் பாராட்டியிருக்கிறார். புரியவில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமோ என்று ஒரு தயக்கம். அதிலும் நீ கேட்டால், நீ என்ன கேட்கிறாய் என்பதே காதில் விழுவதில்லை. உன் குரல் நன்றாக இருக்கிறதா, ஜலதோஷம் பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஐந்து ஐந்து எண்களையும் அப்படித்தான் கேட்டேன்.

புத்திமதி சொல்ல வேண்டுமே, சொல்லிவிடுகிறேன். அங்கித் நல்ல பிள்ளை, ஆனால் அவனும் என் ஜாதிதான், தலையாட்டுகிற ஜாதி. உன் அம்மா வைத்த சுண்டைக்காய் வத்தக் குழம்பை “பஹுத் அச்சா” என்று சொல்லி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கீழே போய்த் தண்ணீர் பாட்டிலோடு நின்றதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். அவனிடம் ‘உனக்குச் சரியா’ என்று கேட்காதே. என்ன வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல். நீயும் அவனிடம் அப்படியே இரு. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, நீ உன் புரோகிராமில் செய்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பச்சைப் பட்டனை எடுத்துவிட்டாய். ஒருவர் தன் போனில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும், மற்றவர் காதால் கேட்டதைத் தன் போனில் அடிக்க வேண்டும், ஒத்துப்போகிறதா என்பதைப் போன்தான் சொல்லும், ஒத்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு, ஆள் சொல்ல முடியாது. என்னை வைத்து மறுபடி மறுபடி சோதித்தாய். நான் எத்தனை அன்பாகக் கேட்டும் அது ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு என்றதை ஒன்று என்று அடித்தேன், சிவப்பு. கண்ணாடி போட்டு அடித்தேன், மறுபடியும் சிவப்பு, அந்தத் தடவை உண்மையாகவே அங்கித் உள்ளே உட்கார்ந்திருந்தான். “இது என்னம்மா, நம்மள நம்பவே மாட்டேங்குது” என்றேன். நீ அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு சிரித்தாய்.

செல்வியை நம் வீட்டுக்கு அழைத்துவந்த அந்த மதியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். திருத்திய புரோகிராமை அந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தாய், ஊரில் அவள் அம்மாவின் போனிலும் அது இருந்தது. அவளுடைய புரோகிராமில் அவள் அம்மாவின் பெயரில் சில நாட்களாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. ‘எப்படி இருக்க பாப்பா, சாப்பிட்டியா, எங்க இருக்க, பக்கத்துல என்ன இருக்கு.’ அவளுக்குப் பதில் எழுதக் கை துறுதுறுத்தது. எண்ணை ஒப்பிட்ட பிறகுதான் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று நீ அவளை நிறுத்தி வைத்திருந்தாய். உன் தமிழ் கிராமத்தில் செல்லாது என்பதால் பேசுகிற வேலை எனக்கு வந்தது. என் போனிலிருந்து அவள் அம்மாவின் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நான் விழுப்புரத்துக்காரன் என்று ஆரம்பித்து, அந்த அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். “யாரு?” என்ற குரல் கேட்டதும் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள், அவர்தான். நான் விவரம் சொல்ல ஆரம்பித்தேன். கோடு, புள்ளி, தாவல் என்று நான் போன போக்கைப் பார்த்து நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். அந்த அம்மா ஐந்தாவது வரை படித்தவர். “சார், கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்க. என் போன்ல இருக்கற நம்பரப் படிக்கணும், அவ்வளவுதான?” என்றார்.

அவர் படித்தார், செல்வி அடித்தாள். சிவப்பு. எனக்கு உடம்பிலேயே ஊறிப்போனது பார், “ஏதோ ஒண்ணு காதுல தப்பா விழுந்திருக்கும், பரவால்ல, மேல போலாம்” என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியோடு சுருங்கிவிட்டேன். மறுபடி படிக்கச் சொன்னாய். அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அதே எண்கள், அதே சிவப்பு. அப்போதுதான் செல்வி முதல் முறையாக வாயைத் திறந்தாள். “எம்மா, எங்க இருக்கன்னு நீதான தெனமும் மெசேஜ்ல கேக்கற?” அந்த அம்மா சொன்னார். “நான் எதுக்குடி கேக்கறேன்? நீ இருக்கற எடம் எனக்கே தெரியக் கூடாது சாமின்னு இல்ல வேண்டிக்கிட்டிருக்கேன். தெரிஞ்சா அடிச்சே வாங்கிடுவானுங்க.”

நீ செல்வியின் போனை வாங்கிப் பார்த்தாய். அந்த அம்மாவின் பெயரில் வேறு ஒரு போன் உட்கார்ந்திருக்கிறது என்றாய். போன வாரம் மொபைல் கடை வைத்திருக்கும் அந்தக் கொழுந்தன் ரீசார்ஜ் செய்து தருகிறேன் என்று போனை வாங்கிப்போய் ராத்திரிதான் திருப்பிக் கொடுத்தானாம். அவனா, வேறு யாராவதா, எப்படிச் செய்தான், இதெல்லாம் நீ விளக்கினாய், எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். நீ அந்தப் பெயரை அழித்தாய். அந்த அம்மா தன் வாயால் படித்த எண்ணை வைத்தே அவர் போனோடு புதிதாக இணைத்தாய். மறுபடியும் அவர் படிக்க, செல்வி ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண்ணுக்கு அவள் விரல் போகவில்லை. நீ அவள் தோளில் கை வைத்தாய். அடித்தாள். பச்சை. செல்வி அந்தப் போனை இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள், ஆனால் பேசவில்லை. நான் ஏதோ கல்யாணம் முடித்து வைத்தவன் போல மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் போன் ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் வந்தது. “சார், நீங்க இன்னும் லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா, சொல்லுங்க.”

“கொஞ்சம் வச்சிடுங்க சார்.”

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. நீதான் என் போனை வாங்கி அணைத்தாய். என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாய், உன் அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டாய், மூன்று பேரும் பால்கனிக்குப் போனோம், நீ கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாய். உள்ளே செல்வி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள், இன்னொரு கையால் போனைப் பிடித்திருந்தாள், நடுவில் ஒரு தடவை சிரித்தாள். சத்தம் ஒன்றும் வெளியே வரவில்லை. மேலே அடுத்த ஃபிளாட்டில் யாரோ துவைத்துப் போட்ட போர்வையிலிருந்து நம் மேல் தண்ணீர் சொட்டியது, ஒருவரும் நகரவில்லை. “என்னம்மா பேசுவாங்க?” என்று உன்னிடம் கேட்டேன். நீயே உட்கார்ந்து எழுதிய எழுத்துதானே, உனக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

“தெரியாதுப்பா,” என்றாய். “என்னாலயும் கேக்க முடியாது.”

தெரியாது என்ற வார்த்தையை அத்தனை சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, பவி. நான் கேட்க வந்த அடுத்த கேள்வியை விட்டுவிட்டு, உன் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன்.

உன் அப்பா